வெள்ளைச் சோற்றின் கதை

ஏழை எளிய மக்கள் சத்தற்ற உணவை உண்டு நோயுறுவதற்குக் காரணம் யாது என வினவினால், படித்தவர்களிடமிருந்து ஆயத்தமாக ஒரு விடை வரும். "அவர்களுக்கு அறிவு போதாது, நாக்குக்கு அடிமைகள், கீரையும் குரக்கனும் கிடைக்கவும் பாணையும் சீனியையும் தேடி ஓடுகிறார்கள்" என்பதே அவ்விடை. மேடைகளிலும் வைத்தியசாலைச் சுவர்களிலும் இதுவே வெவ்வேறு வடிவங்களில் உபதேசமாகின்றது. உபதேசிப்போரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் முழுவதும் சில தலைமுறைகளுள் தன் உணவை மாற்றிக்கொண்டது என்றால், அதனைத் தனிமனிதரின் நாக்கு இழைத்த குற்றமாக மட்டும் கொள்வது வரலாற்றறிவுக்கு ஒவ்வாது. உண்கலத்தில் விழும் ஒவ்வொரு பிடி சோற்றின் பின்னாலும் நிலம், கூலி, விலை, நேரம், கௌரவம் என்னும் ஐந்தும் நிற்கின்றன. இவ்வைந்தும் நம் நாட்டில் எவ்வாறு மாறின என்பதை ஆராய்ந்த பின்னரே குற்றவாளி யார் எனத் தீர்ப்புக் கூறுதல் தகும்.

தானியத்துக்கும் சாதியுண்டு

சங்க இலக்கியம் காட்டும் தமிழகத்தில் குறிஞ்சி மக்கள் தினையையும், முல்லை மக்கள் வரகையும் சாமையையும், மருத நில மக்கள் நெல்லையும் உண்டனர். இது மண் வகுத்த வேறுபாடு. காலப்போக்கில் நீர்வளமுள்ள நிலம் ஆள்வோர் கைக்கும் கோயில்களின் கைக்கும் சென்றபோது, மண் வகுத்த வேறுபாடு மனிதர் வகுத்த ஏற்றத்தாழ்வாக மாறிற்று. நெல் படையலுக்கும் விருந்துக்கும் உரியதாயிற்று. ஏனைய தானியங்கள் உழைப்போர்க்கும் வறியோர்க்கும் உரியனவாயின. பதினாறாம் நூற்றாண்டில் கன்னட நாட்டுக் கனகதாசர் இயற்றிய 'ராமதானிய சரித்திரம்' என்னும் நூலில் நெல்லும் கேழ்வரகும் தம்முள் யார் உயர்ந்தவர் என்று இராமன் முன்னிலையில் வழக்காடுகின்றன, கேழ்வரகே வெல்கின்றது. ஆட்டிடையர் குலத்திற் பிறந்த கவிஞரின் தீர்ப்பு அது. சமுதாயம் வழங்கிய தீர்ப்போ வேறு. கேழ்வரகு என்னும் குரக்கன் இன்றுவரை பந்தியில் பரிமாறப்படுவதில்லை.

ஆறுகளற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல், மாரி மழையை நம்பிய ஒருபோகப் பயிர். அது ஆண்டு முழுவதற்கும் ஒருபோதும் போதியதன்று. ஆகவே குரக்கன், சாமை, தினை, வரகு என்பன நெல்லின் தோழர்களாயின. பனை ஒடியலையும் புழுக்கொடியலையும் பனாட்டையும் அளித்தது. ஒடியல் மா கூழாகவும் பிட்டாகவும் உருக்கொண்டது. வேலியோரத்து முருங்கையிலையும் முசுட்டையும் கறியாயின. கடல் மீனைக் கொடுத்தது. இவையெல்லாம் ஒருங்கே கிடைத்த வீட்டில் உணவு நிறைவானதாகவே இருந்திருக்கும்.

ஆனால் அதனைப் பொற்காலமென்று பாடுவதற்கு நாம் உடன்படோம். வேலியும் வளவும் பனங்காணியும் எல்லார்க்கும் உரியனவாயிருந்தனவா? பிறர் நிலத்தில் குடியிருந்து, பிறர் கிணற்றடியில் கைகட்டி நின்று, அரிவு வெட்டுக் காலத்தில் அளந்து போட்ட நெல்லைக் கூலியாகப் பெற்ற மக்கள் யாழ்ப்பாணத்தில் எத்துணைப் பேர்! மழை பொய்த்த ஆண்டில் முதலிற் பட்டினி கிடந்தவர்கள் அவர்களே. பழைய உணவின் சத்தைப் பாராட்டுவோர், அச்சத்து யார் வயிற்றைச் சென்றடைந்தது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

சிங்களக் கிராமங்களிலும் ஏறத்தாழ இதுவே நிலை. குளத்தின் கீழ் நெல்வயல், காட்டோரத்தில் சேனை. சேனையில் குரக்கனும் சோளமும் பயறும் பூசணியும் விளைந்தன. குளம் வற்றிய ஆண்டிலும் சேனை கைகொடுத்தது. இவ்வமைப்பின் மீது முதலில் விழுந்த அடி 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியன என்று அது ஊகித்துக்கொண்டது. சில ஆண்டுகளுக்கொருமுறை பயிரிடப்படும் சேனை நிலத்தையும் அவற்றுள் அடக்கிற்று. உரிமையை நிறுவும் பொறுப்பு குடியானவன் தலையில் வீழ்ந்தது. கோப்பித் தோட்டக்காரர்க்கு நிலம் கிடைத்தது. கிராமத்தவனுக்குக் குரக்கன் விளைந்த காடு போயிற்று.

இரண்டாவது அடி தானிய வரி. நெல் விளைவித்தவன் அரசாங்கத்துக்கு வரியிறுக்க வேண்டும். அதனைப் பணமாக இறுக்க வேண்டும் என்பது 1878-க்குப் பின்னர் வலுப்பெற்றது. வரி நிலுவைக்காக நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்த மக்களின் பட்டினியைப் பற்றி அம்மாவட்டத்து உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் எழுதியவை பெரும் வாதத்தைக் கிளப்பின. 1892-ல் அவ்வரியை நீக்கச் சட்டம் செய்யப்பட்டது. போன நிலங்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

கூலியாக அளந்த அரிசி

கிராமத்தின் கதை இவ்வாறாக, மலைநாட்டில் வேறொரு கதை தொடங்கிற்று. 1830-களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1869-ல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். தம் ஊரில் கம்பும் கேழ்வரகும் சோளமும் உண்ட மக்கள் அவர்கள். தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இறக்குமதியான அரிசி.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அவ்வரிசி கடையில் விரும்பி வாங்கிய பொருளன்று. கூலியின் ஒரு பகுதி. தோட்டம் அரிசியை அளந்து கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொண்டது. சம்பள நாளில் அதனைக் கழித்துக்கொண்டது. கங்காணியின் கடனும் கடைக்காரனின் பற்றும் போக எஞ்சியது சொற்பம். 1927-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழும் அரிசியும் அதன் விலையும் கூலியோடு பிணைக்கப்பட்டே இருந்தன. வயிற்றை நிரப்பி மறுநாள் மலையேறச் செய்வதற்கு எவ்வளவு சோறு வேண்டும் என்பதே முதலாளியின் கணக்கு. கீரை, பருப்பு, முட்டை, பால் என்பவை அக்கணக்கிலே இடம்பெறவில்லை. லயத்தின் பின்புறத்தில் ஒரு பாத்தி மண்ணுங்கூடத் துரையின் அனுமதியாற் கிடைத்ததேயன்றி உரிமையாற் கிடைத்ததன்று. தன் உணவைத் தானே விளைவிக்க நிலமற்றும், விரும்பியதை வாங்கப் பணமற்றும் இருந்த மக்களிடம் "ஏன் சோற்றை மட்டும் தின்கிறாய்?" என்று கேட்பது எவ்வளவு கொடுமையான கேள்வி!

தவிட்டோடு போன உயிர்

அரிசியிலும் எந்த அரிசி என்பது அடுத்த வினா. இதற்கு விடை கூறும் வரலாறு மலாயாவில் நிகழ்ந்தது. அதில் நம்மவர்க்கும் பங்குண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசியாலைகள் தென்கிழக்காசியாவெங்கும் பரவின. உரலில் குத்தும்போது தவிட்டின் ஒரு பகுதி அரிசியிலேயே ஒட்டியிருக்கும். ஆலையோ உமியையும் தவிட்டையும் ஒருங்கே நீக்கி முத்துப்போன்ற வெள்ளரிசியைத் தந்தது. வெண்மை தூய்மையின் அடையாளமாகவும் நாகரிகத்தின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. நெடுநாள் கெடாதிருந்தமையால் வணிகர்க்கும் அதுவே உவப்பாயிற்று. அவ்வரிசியோடு பெரிபெரி என்னும் நோயும் பரவிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, ஈற்றில் இதயம் நின்று மாளச் செய்யும் நோய் அது. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு இரையாயினர்.

ஆயின் அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும், அவர்களினும் வறியராக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாயிருந்தது. இவ்வேறுபாட்டை நோக்கிய மருத்துவர் பிராடன், 1907-ல் வெளியிட்ட தம் நூலில் காரணம் அரிசியே என வாதித்தார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சையரிசி. கோலாலம்பூர்ச் சித்தசுவாதீனமற்றோர் காப்பகத்தில் பிளெச்சர் என்னும் மருத்துவர் 1905-1906-ல் இதனைச் சோதித்தார். அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். முன்னைய பிரிவிற் பலர் நோயுற்றுப் பதினெண்மர் மாண்டனர். பின்னைய பிரிவில் எவரும் புதிதாக நோயுறவில்லை. மறுக்கவும் இயலாத மனிதரைக் கொண்டு அறிவு பெற்ற அக்காலத்தின் கொடுமையையும் நாம் மறத்தலாகாது. 1909-ல் பிரேசரும் ஸ்ரான்ரனும் காட்டுவழியில் வீதி அமைத்த தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு இம்முடிவை உறுதிப்படுத்திற்று. முன்னரே யாவாவில் ஐக்மன் கோழிகளிடம் கண்ட உண்மையும் இதனோடு பொருந்திற்று. 1912-ல் பங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு 'விற்றமின்' எனப் பெயரிட்டார்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நம் முன்னோர் விற்றமினை அறிந்து நெல்லைப் புழுக்கினார்கள் என்று பெருமை பேசுவது பொருந்தாது. உமி எளிதிற் கழல்வதும், அரிசி உடையாதிருப்பதும், சோறு நெடுநேரம் பசி தாங்குவதும் அவர்கள் கண்ட பயன்கள். அப்பழக்கமே அறியாது ஒரு காப்பாயிற்று. இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? சீனத் தொழிலாளியின் அறியாமை அவனைக் கொல்லவில்லை. அவன் உண்ட அரிசியைத் தேர்ந்தவன் அவனல்லன். ஆலையும் வணிகனும் சுரங்க முதலாளியும் தேர்ந்தார்கள். உண்மை வெளிப்பட்ட பின்னரும் வெள்ளரிசி சந்தையிலிருந்து நீங்கவில்லை. இலாபம் அதன் பக்கமிருந்தது.

கூப்பனும் பாணும்

1934-ன் இறுதியில் இலங்கையில் மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் குடித்தது. வறட்சியால் விளைவு குன்றி, ஏற்கனவே மெலிந்திருந்த கிராமங்களிலேயே சாவு மிகுந்தது. கொயினா மருந்தோடு கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்து மட்டும் போதாதென்பதைக் கண்டனர். கலாநிதி என். எம். பெரேரா பருப்பு வழங்கியமையால் மக்கள் அவரைப் 'பருப்பு மாத்தயா' என்று அன்புடன் அழைத்தனர். நோயின் வேர் பட்டினியில் உள்ளது என்பதை அரசியல் மொழியிற் சொன்ன பெயர் அது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இந்நாடு உண்ட அரிசியில் மூன்றில் இரண்டு பங்களவு கடல் கடந்து வந்தது. 1942-ல் பர்மா யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. அதுவரை பட்டினத்தார் உணவாயிருந்த பாண் கிராமத்துக்கு நடந்து வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் அம்மாவைத் துணியிற் கட்டி அவித்து, அரித்துப் பிட்டாகவும் இடியப்பமாகவும் ஆக்கினர். 'அமெரிக்கன் மா' என்ற பெயர் இன்றும் நம் அடுக்களைகளில் வழங்குகின்றது. 1954-ல் அமெரிக்கா இயற்றிய 480-ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தின்படி அந்நாட்டு மிகுவிளைவு வறிய நாடுகளுக்கு உதவியாக வழங்கப்பட்டது. பசித்தவனுக்கு உதவி உதவியே. ஆயினும் தன் களஞ்சியத்தை வெறிதாக்கவும் நாளைய வாடிக்கையாளனை உருவாக்கவும் அவ்வுதவி பயன்பட்டது என்பதும் உண்மையே. 1980-ல் திருகோணமலையில் பாரிய மாவாலை இயங்கத் தொடங்கியபோது, கோதுமை விளையாத இந்நாட்டில் கோதுமை நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிட்டது. மலைநாட்டில் அதனை ரொட்டியாக்கிச் சம்பலோடு உண்ட மக்களுக்கோ 1948-ன் சட்டம் குடியுரிமையை மறுத்திருந்தது!

கூப்பன் முறையை நாம் வெறுமனே குறைகூறவில்லை. மலிவரிசி இந்நாட்டு வறியோர்க்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு. சங்கக்கடை வரிசையில் ஆசிரியரும் கூலித் தொழிலாளியும் ஒரே அரிசியைப் பெற்றனர். 1953-ல் கொத்தொன்று 25 சதமாயிருந்த அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டு, பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12-ஆம் நாள் மக்கள் நடத்திய ஹர்த்தால் நாட்டையே உலுக்கிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டே பதவி துறந்தார். 1966 இறுதியில் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகக் குறைந்தது. 1974-ன் பஞ்சத்தில் தோட்டப்புற மக்கள் பட்டினியால் மாண்டனர். 1979-ல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. முத்திரையின் பெறுமதி நின்ற இடத்தில் நிற்க, விலைவாசி ஏறிற்று. அரிசியாகப் பெற்ற உரிமை தாளாகத் தேய்ந்தது.

ஆயினும் இவ்வளவு போராட்டத்திலும் விவாதிக்கப்பட்டது அரிசியும் மாவுமே என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆட்சியாளர் சோற்றைக் கொண்டு வாக்குக் கேட்டனர். எதிர்த்தோரும் சோற்றைக் கொண்டே எதிர்த்தனர். பருப்பும் மீனும் மரக்கறியும் பாலும் சந்தைக்கே விடப்பட்டன. வயிறு நிறைதல் அரசியலாயிற்று. உடல் வளர்தல் அவரவர் வீட்டுக் காரியமாயிற்று. முற்போக்காளராகிய நாமும் இதனைப் போதிய அளவு சிந்திக்கவில்லை.

நேரம் யாருடையது?

உணவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது நேரத்தை. குரக்கனைக் கல் நீக்கிக் கழுவி, உலர்த்தி, திரிகையில் அரைத்து, அரித்துப் பிட்டவிப்பது எத்தனை நாழிகை வேலை! நெல்லைப் புழுக்கிக் குத்துவது அதனினும் கடிது. இவ்வேலை முழுவதும் பெண்ணின் தலையிலேயே இருந்தது. ஆலையரிசியும் கோதுமை மாவும் பாணும் வந்தபோது அவள் அவற்றை வரவேற்றாள் என்றால், அது சோம்பலன்று; விடுதலைக்கு ஒரு சிறு வழி. உலக்கையின் பெருமையைப் பாடுவோர் எவரும் உலக்கை பிடித்தவரல்லர்.

மலைநாட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து நீர் சுமந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேற வேண்டும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மாலையில் திரும்பி மீண்டும் அடுப்படி. கணவனும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதே அவள் பங்கு. கருவுற்ற காலத்திலும் இதுவே வழக்கம். அவள் வயிற்றில் வளர்ந்த பிள்ளை நிறை குன்றிப் பிறப்பதற்கு எவருடைய அறியாமை காரணம்? பெண் கடைசியில் உண்பது தமிழ்ப் பண்பாடென்று கூறி மகிழும் நம்மவர்களே இதற்கு விடை கூற வேண்டும்.

1978-ல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபின், கிராமத்து இளம்பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். ஒடுங்கிய அறையிற் பலர் கூடி வாழும் விடுதியில் அடுப்புக்கு இடமில்லை. முறைமாறி வரும் வேலையில் சமையலுக்கு நேரமில்லை. கடைப் பொதிச்சோறும் பாணும் பிஸ்கற்றும் சீனி மிகுந்த தேத்தண்ணீரும் அவர்களின் உணவாயின. சீனி மலிந்த சத்து. உடனே தெம்பு தருவது. களைத்த உடல் அதனைத் தேடுவதில் வியப்பில்லை. பாடசாலைகளிலும் இதன் மறுபக்கத்தை ஆசிரியராகிய நாம் காண்கிறோம். காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழும் பிள்ளையை விசாரித்தால், இரவில் தேத்தண்ணீரும் பாணும், காலையில் தேத்தண்ணீர் மட்டும் என்னும் கணக்கே வெளிவரும். அப்பிள்ளைக்குச் சமநிலை உணவைப் பற்றிய பாடம் நன்கு தெரியும். சோதனையிற் புள்ளியும் பெறுவான்.

இரு முகங்கள்

இதன் பயனை இன்று இரு முகங்களிற் காண்கிறோம். 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் அது 32 வீதத்தை அண்மித்தது. மறுபுறம், 2005-2006-ல் நடந்த ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஐவருள் ஒருவர் நீரிழிவையோ அதன் முன்னிலையையோ உடையவர் என்று கண்டது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் சத்துக் குன்றியவர், பின்னாளில் மாப்பொருளையும் சீனியையுமே மிகுதியாக உண்ணும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாவர் என்பர் மருத்துவர். ஆகவே இவை இரு நோய்களல்ல. ஒரே வறுமையின் இளமையும் முதுமையும்.

2021-ல் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு விளைவு வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் கணக்கின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்தது. அப்பொழுது வறிய வீடுகளில் முதலில் நீங்கியவை முட்டையும் மீனும் பாலும் பருப்பும்; கடைசிவரை நின்றது சோறு. நூறாண்டுக்கு முந்திய லயத்தின் உணவு நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. அதே காலத்தில் குரக்கன் மாவும் பாரம்பரியச் சிவப்பரிசியும் அழகிய பைகளில் அடைபட்டு நகரத்துப் பெருங்கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டன. ஏழையின் தானியமென்று இகழப்பட்டது செல்வரின் மருந்தாயிற்று. ஏழைக்கு எஞ்சியது வெள்ளை மா.

இவ்வளவும் கண்டபின், உபதேசத்தால் மட்டும் இந்நிலை மாறும் என்று நம்புவதற்கில்லை. அறிவூட்டல் வேண்டாமென்று நாம் கூறவில்லை. அறிவைச் செயலாக்கும் வாய்ப்பு இன்றேல் அறிவு ஏளனமாகிவிடும் என்றே கூறுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் நாள்தோறும் பருப்பும் கீரையும் முட்டையும் சேர்ந்த ஒரு வேளை உணவு உரிமையாக வழங்கப்படல் வேண்டும். அரசாங்கத்தின் உதவி அரிசிக்கும் மாவுக்கும் மட்டுமன்றிப் பயறுக்கும் சிறுதானியத்துக்கும் செல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு வீட்டோடு பயிர்செய்யும் நிலமும், வாழ்வதற்குப் போதிய சம்பளமும் வேண்டும். தொழிற்சாலைகளில் பெண்களுக்குச் சத்துள்ள உணவுச்சாலைகள் அமைதல் வேண்டும். இவற்றை அரசாங்கத்திடம் கேட்கும் நாம், நம் வீட்டிலும் ஒன்றைச் செய்தல் வேண்டும். அடுக்களை வேலையை ஆண்களும் பகிர்ந்து, ஒரே வேளையில் ஒரே பந்தியில் பெண்ணோடிருந்து உண்ணப் பழக வேண்டும்.

1953-ல் மக்கள் ஒரு கொத்து அரிசிக்காகத் தெருவில் இறங்கினர். அது நியாயமான போராட்டம். வயிறு நிறைதற்கு நடந்த அப்போராட்டம் உடல் வளர்தற்கும் தொடர்தல் வேண்டும். பசித்தவன் கேட்பது சோறு மட்டுமன்று. மனிதனாக வளர்வதற்கு வேண்டிய அனைத்தையும் கேட்கும் உரிமை அவனுக்குண்டு.